அது மெயில் இல்லை

காலை ஏழு மணி முப்பத்தொன்பது நிமிடத்துக்கு நான் முதலில் கண்டது புகை. மழைக்குள் மேலே எழும்ப முடியாமல் அது தென்னைகளின் இடுப்பளவில் படர்ந்து வந்தது. புகைக்குப் பின்னால் எஞ்சின் வந்தது. அதன் பின்னால் பத்தொன்பது பெட்டிகள். கடைசிப் பெட்டியின் வாசலில் கார்ட் ஒரு வெறுஞ்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். நான் எங்கள் பின்வளவு வேலியோரம் அப்பாவின் பழைய குடைக்குக் கீழ் நின்று, கொப்பி நனையாமல் வயிற்றோடு அணைத்துப் பிடித்து, இப்படி எழுதினேன்: "7.39. சரக்கு. தெற்கே. எஞ்சின் 287. பெட்டி 19. மழை." அதே நேரம் எனக்குப் பின்னால், முப்பது யார் தூரம் தள்ளி, வீட்டின் மேற்கு அறையில் என் அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அதை நான் எழுதவில்லை. அது ரயில் அல்ல.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அறுபதுகளின் நடுப்பகுதி. கொக்குவிலில் எங்கள் வளவுக்கு முன்பக்கம் மதில், பின்பக்கம் கிடுகு வேலி, வேலிக்கு அப்பால் தண்டவாளம். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிற ரயில்களும் அங்கிருந்து திரும்புகிற ரயில்களும் எங்கள் கிணற்றடியில் நின்றால் தெரியும். அயலில் எல்லோரும் அவற்றைக் கேட்டார்கள். காலைக் கோச்சி போனால் அடுப்பு மூட்டினார்கள், பின்னேரக் கோச்சி போனால் மாட்டை அவிழ்த்தார்கள். ரயிலைக் கோச்சி என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் ஒருவரும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

பார்த்ததை எழுதியும் வைத்தேன். கொப்பியில் ஐந்து நிரல்கள் கீறியிருந்தேன்: நேரம், திசை, எஞ்சின் இலக்கம், பெட்டிகளின் எண்ணிக்கை, தாமதம். தாமதத்தை 'தா' என்று சுருக்கி எழுதுவேன். அந்த மார்கழிக்குள் இரண்டு கொப்பிகள் முடிந்து மூன்றாவது பாதியில் நின்றது. கொழும்பு மெயிலை இழுத்தது டீசல் எஞ்சின். அதற்குப் புகை இல்லை, ஊதல் மாடு கத்துவதுபோல் அடித்தொண்டையிலிருந்து வரும். காங்கேசன்துறையிலிருந்து சீமெந்து ஏற்றிவரும் சரக்கு ரயிலுக்கு இன்னும் பழைய கரி எஞ்சின்தான். அதன் ஊதல் கூர்மையானது, முடிவில் சற்று விக்கும். எந்த எஞ்சினின் முன்விளக்குக் கண்ணாடி வெடித்திருக்கிறது, எந்தச் சாரதி கை காட்டுவார், எவர் காட்டமாட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இவற்றால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் எனக்குக் கேள்வி விளங்குவதில்லை. சாமி கும்பிடுகிறவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

நேரம் பார்க்க அண்ணையின் பழைய கைமணிக்கூடு இருந்தது. அண்ணை யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். புதிய மணிக்கூடு வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தார். பட்டி என் கைக்குப் பெரிது என்பதால் நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாள்தோறும் கொக்குவில் ஸ்ரேசனுக்குள் எட்டிப்பார்த்து, அங்கே சுவரில் இருக்கும் மணிக்கூட்டோடு சரிபார்த்து வைப்பேன். விடுமுறையிலும் அதற்காக மட்டும் நடந்து போய் வந்தேன். அந்த மணிக்கூடு ஒரு நாளைக்கு இருபது செக்கனுக்கு மேல் பிழை விட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் கோச்சிப் பெட்டை. ரயிலின் பெட்டி கோச்சிப் பெட்டி, பெண்பிள்ளை என்பதால் நான் பெட்டை. பெயர் வைத்தவர்கள் நான் அழுவேன் என்று ஒரு கிழமை காத்திருந்தார்கள். நான் வெள்ளைக் கடதாசியில் ஒரு சதுரம் வெட்டி, மூன்றாவது கொப்பியின் மட்டையில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டி, "கோச்சிப் பெட்டை, ஆறாம் வகுப்பு" என்று மையால் எழுதினேன். கணக்கு ரீச்சர் அதைக் கண்டு, "இது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான் ரீச்சர்."

வகுப்பு சிரித்தது. சிரித்து முடியும்வரை நின்றுவிட்டு, "நீங்கள் இண்டைக்கு வந்த கோச்சி பதினாலு நிமிசம் பிந்தினது ரீச்சர். நீங்கள் பிந்தி வந்தது உங்கடை பிழை இல்லை" என்றேன். ரீச்சர் கொப்பியைத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு பிந்தி வரும் நாள்களில் வகுப்புக்குள் நுழையும்போது என்னை ஒருமுறை பார்ப்பார். நான் நிமிடத்தைச் சொல்வேன். அவர் அதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்வார் என்று பிறகு அறிந்தேன்.

எங்கள் வீட்டில் நேரம் ரயிலிலிருந்துதான் வந்தது. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், ஒழுங்கான மனிதர். கொழும்பிலிருந்து இரவோடு இரவாக வரும் மெயில் காலை ஆறு நாற்பத்தெட்டுக்கு எங்கள் வளவைக் கடக்கவேண்டும். அது கடக்கும் சத்தம் கேட்டதும் அப்பா விறாந்தைக்கு வந்து, சுவர் மணிக்கூட்டின் கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளைச் சுட்டுவிரலால் தள்ளி ஆறு நாற்பத்தெட்டில் நிறுத்துவார். மெயில் பிந்திய நாள்களில் எங்கள் வீட்டு மணிக்கூடும் பிந்தியது. நான் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அரசாங்கம் ஓட்டுகிற ரயிலுக்குத் தெரியாத நேரமா உனக்குத் தெரியும் என்பது அப்பாவின் மறுமொழி.

தலைப்பிள்ளைப் பேற்றுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தா. நோவு தொடங்கிய களேபரத்தில் அப்பா மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்க மறந்துபோனார். விடியும்போது அது நின்றிருந்தது. என்னை, இந்த இடத்தில் சின்னப்பிள்ளைக்கு என்ன வேலை என்று வெளியே கலைத்துவிட்டார்கள். எனக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை. வெளியே மழை, இருட்டிய வானம், ஆறு மணியா எட்டு மணியா என்று சொல்லமுடியாத வெளிச்சம். மெயில் வரவில்லை. தெற்கே எங்கோ வெள்ளம் என்று வேலிக்கு அப்பால் நடந்துபோனவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் வடக்கிலிருந்து புகை வந்தது.

உள்ளே மருத்துவிச்சி, "கோச்சி போகேக்கை பிள்ளை பிறந்திட்டுது, நேரத்தைக் குறியுங்கோ" என்று சத்தமிட்டிருக்கிறா. அப்பா விறாந்தைக்குப் போய், நின்ற மணிக்கூட்டை ஆறு நாற்பத்தெட்டில் வைத்து, சாவி கொடுத்து, நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினார்: காலை 6.48.

ஒன்பது மணிக்கு மேல் என்னைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் காட்டினார்கள். சிவந்த, சுருங்கிய, கோபமான முகம். பார்த்துக்கொண்டு நிற்கையில் தெற்கிலிருந்து அடித்தொண்டை ஊதல் கேட்டது. நான் ஓடினேன். "9.24. மெயில். வடக்கே. எஞ்சின் 571. பெட்டி 11. தா 2 மணி 36." பெறாமகனின் முகத்தை முழுதாகப் பாராமல் கோச்சி பார்க்க ஓடினவள் என்று அம்மா அன்று பகல் முழுவதும் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னா. மெயில் இப்போதுதான் போகிறது, அப்படியானால் முதலில் போனது மெயிலாக இருக்கமுடியாது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் அப்பாவிடம் மணிக்கூடு பிழை என்றேன். "இப்பதான் வைச்சது" என்றார்.

மறுநாள் மெயில் நேரத்துக்கு வந்தது. அப்பா விறாந்தைக்கு வந்து பார்த்தால், எங்கள் மணிக்கூடு ஐம்பத்தொரு நிமிடம் பிந்திக் காட்டியது. அப்பா மணிக்கூட்டைக் கழற்றி, துவாயில் சுற்றி, கொக்குவில் சந்தியில் மணிக்கூடு திருத்துகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, இதில் ஒரு பிழையும் இல்லை என்று திருப்பித் தந்தார். தொழில் தெரியாதவன் என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த நேரத்தைப் பார்த்துச் சாத்திரியார் குறிப்பு எழுதும்வரை தாய்மாமன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. எனவே அண்ணை தன் சொந்த வீட்டில் மேற்கு அறையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். சாத்திரியாரை ஒன்பதாம் நாள் வரச் சொல்லியிருந்தது. ஏழாம் நாள் பின்னேரம் கந்தோரால் வந்த அண்ணை, சைக்கிளைச் சாத்திவிட்டு, கிணற்றுக்கட்டில் இருந்த என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பிள்ளை, உன்ரை கொப்பியை ஒருக்காத் தா பாப்பம்."

அதுவரை அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கியவர் எவரும் இல்லை. அண்ணை பக்கம் பக்கமாகத் தட்டி, ஒரு பக்கத்தில் நின்றார்.

"உது சரியோ? ஏழு முப்பத்தொன்பதோ?"

"சரி."

"மெயில் இல்லையோ?"

"மெயிலுக்குப் புகை வராது அண்ணை."

"சாத்திரியாருக்கு முன்னாலை கேட்டாச் சொல்லுவியோ?"

"ஓம்."

"அம்மா ஏசினாலும்?"

"ஓம்."

அண்ணை கொப்பியை மூடி, மட்டையில் ஒட்டியிருந்த பெயரை வாசித்து, சிரித்து, என்னிடம் தந்தார். பிறகு உள்ளே போய் அப்பாவின் மேசையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். ஒரு வாசகன் கிடைத்துவிட்டான் என்ற சந்தோசத்தில் நான் அன்று பின்னேர ரயிலின் பெட்டிகளை இரண்டு தரம் எண்ணவேண்டி வந்தது.

ஒன்பதாம் நாள் மழை விட்டிருந்தது. பிள்ளைப்பேற்றுத் துடக்கு உள்ள வீடு என்பதால் சாத்திரியார் வீட்டுக்குள் ஏறவில்லை. முற்றத்து மாமரத்தின் கீழ் அவருக்குக் கதிரை போட்டார்கள். தண்ணீரும் வாங்கிக் குடிக்கவில்லை. மெலிந்த மனிதர், கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதற்குப் பதிலாக நூல் காதைச் சுற்றியிருந்தது. அப்பாவும் அம்மாவும் எதிரில் நின்றார்கள். அண்ணை மாமரத்தில் சாய்ந்து நின்றார். மேற்கு அறை யன்னலின் பின்னால் அக்கா இருந்தா. நான் கொப்பியோடு படிக்கட்டில் இருந்தேன்.

"ஆறு நாப்பத்தெட்டோ?" என்றார் சாத்திரியார். "மணிக்கூடு பாத்ததோ?"

"மெயில் போகேக்கை பிறந்தது" என்றார் அப்பா. "மெயில் எண்டால் ஆறு நாப்பத்தெட்டுத்தான்."

சாத்திரியார் பஞ்சாங்கத்தைக் கண்ணருகே பிடித்தார். விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "நல்ல காலம். ஏழு பத்து வரைக்கும் கார்த்திகை நட்சத்திரம் நிக்குது. இன்னும் இருபத்திரண்டு நிமிசம் செண்டிருந்தா ரோகிணி. ஆம்பிளைப்பிள்ளை ரோகிணியிலை பிறந்தா மாமனுக்கு ஆகாது, மாமன் வீட்டை விட்டு விலகி நிக்கவேணும். உங்களுக்குத் தெரியும்தானே."

அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினா. எனக்கு அது தெரியாது. அந்தக் கணத்தில்தான் தெரியவந்தது. பிள்ளைக்கு மாமன் ஒருவர்தான். அவர் மாமரத்தில் சாய்ந்து நின்றார். என் கழுத்தில் தொங்கியது அவர் தந்த மணிக்கூடு. நான் கொப்பியைப் பாவாடைக்குக் கீழே தள்ளினேன்.

பொய் சொல்லும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் சாத்திரியாரின் பேனை கடதாசியில் '6' என்று எழுதத் தொடங்கியது. அந்த ஆறு நாற்பத்தெட்டுக்கு எங்கள் வேலிக்கு அப்பால் இரண்டு தண்டவாளமும் மழையும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. வராத ஒரு ரயிலை ஒரு பிள்ளையின் சாதகத்தில் வந்ததாக எழுதப்போகிறார்கள்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு பிள்ளை" என்றார்.

"அது மெயில் இல்லை" என்றேன்.

பேனை நின்றது. அப்பா, "சும்மா இரு" என்றார். நான் எழும்பிப் போய்க் கொப்பியை விரித்துச் சாத்திரியாரின் மடியில் வைத்தேன். "அது சாமான் கோச்சி. தெற்கை போனது. ஏழு முப்பத்தொன்பது. மெயில் ஒன்பது இருபத்திநாலுக்குத்தான் வந்தது."

"கோச்சி எண்டாக் கோச்சிதானே" என்றா அம்மா. "அதிலை என்ன மெயில், என்ன சாமான்?"

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைப் பற்றி அவ்வளவு கெடுதலாகப் பேசியதில்லை. "மெயிலுக்குப் புகை வராது. சாமான் கோச்சிக்குத்தான் வரும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "மெயில் வடக்கை போகும். இது தெற்கை போனது."

"உவளின்ரை கோச்சிப் பைத்தியத்துக்கு என்ரை பிள்ளையை வீட்டை விட்டுக் கலைக்கவோ?" அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னா. பிறகு என்னைப் பார்த்து, "இண்டைக்கு உந்தக் கொப்பி அடுப்புக்கைதான்" என்றா. அம்மா சொன்னால் செய்கிற ஆள். மூன்று கொப்பிகள், பதினான்கு மாதம். ஆனால் கொப்பியைத் திருப்பி எடுக்கவில்லை.

சாத்திரியார் வாசித்துக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல் மூன்று நான்கு பக்கம் புரட்டினார். "இதென்ன 'தா'?"

"தாமதம்."

"இதுவும் ஒரு பஞ்சாங்கம்தான்" என்றார், யாருக்கென்றில்லாமல். பிறகு கண்ணாடியை உயர்த்தி என்னைப் பார்த்தார். "போன மாதம் நான் கொழும்பிலை மகளைப் பாத்திட்டு மெயிலிலை வந்தனான். பூரணைக்கு முதல் நாள். சொல்லு பாப்பம்."

நான் கொப்பியைப் பார்க்கவில்லை. "ஒரு மணித்தியாலமும் நாலு நிமிசமும் பிந்தி வந்தது. பெட்டி பன்னிரண்டு."

"பெட்டி எனக்குத் தெரியாது. ஒரு மணித்தியாலம் சரி." அவர் பெருமூச்சுவிட்டார். "அண்டைக்கு ஒரு பொருத்தம் பாக்க வந்தவை, நான் இல்லையெண்டு வேறை ஆளிட்டைப் போயிட்டினம்."

அப்பா விடுவதாக இல்லை. தன் மணிக்கூடும் ஆறு நாற்பத்தெட்டுத்தான் காட்டியது என்றார். அண்ணை மாமரத்திலிருந்து நிமிர்ந்தார்.

"அடுத்த நாள் அந்த மணிக்கூடு எத்தினை நிமிசம் பிந்தினது அப்பா?"

"அது மணிக்கூட்டுப் பிழை."

"எத்தினை நிமிசம்?"

அப்பா விறாந்தை மணிக்கூட்டின் பக்கம் திரும்பினார். நேர்மையான மனிதர், அதனால் சற்று நேரம் எடுத்தது. "அம்பத்தொண்டு."

ஆறு நாற்பத்தெட்டும் ஐம்பத்தொன்றும். முற்றத்தில் நின்ற ஒவ்வொருவரும் அதைத் தனித்தனியே கூட்டியது எனக்குத் தெரிந்தது. அப்பாவின் முகத்தில் கூட்டல் முடிந்த இடத்தையும் கண்டேன்.

அப்போது யன்னலுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஓம் அம்மா. எனக்கு அண்டைக்குக் கரிப்புகை மணந்தது. நான் சொன்னனான். நீங்கள் சாம்பிராணி எண்டியள்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மாமர வேரில் இருந்துவிட்டா.

சாத்திரியார் முதற் கடதாசியைக் கிழித்தார். புதியதில் எழுதிய முதல் வரியை நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன்: "சரக்கு ரயில் தெற்கே சென்ற வேளை, காலை மணி 7.39." என் கொப்பியிலிருந்து இன்னொருவரின் எழுத்துக்குப் போன முதல் வரி அது. எழுத்துப்பிழை இல்லை.

தீர்ப்பு இதுதான்: தொண்ணூறு நாள் மாமன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூடாது, ஒரே கூரையின் கீழ் படுக்கவும் கூடாது. தொண்ணூறு கழிந்து, கோயிலில் சாந்தி செய்வித்து, கிண்ணத்து எண்ணெயில் விழும் பிள்ளையின் முகத்தை முதலில் பார்க்கவேண்டும். அக்காவைப் பச்சைப்பிள்ளையோடு அனுப்ப முடியாது. ஆகவே வெளியேறவேண்டியவர் அண்ணை.

"உண்மை எண்டால் உண்மைதானே அம்மா" என்றார் அண்ணை. அவ்வளவு அமைதியாக ஒருவர் தன் விதியை ஏற்றுக்கொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. சாத்திரியாரே பிள்ளை நல்ல குணம் என்று பாராட்டினார்.

"தொண்ணூறு நாளும் எங்கை போய் நிக்கப்போறாய் தம்பி?" அம்மாவின் குரல் உடைந்திருந்தது. "ஆரிட்டைச் சாப்பிடுவாய்?"

"வட்டுக்கோட்டை மாமி வீட்டிலை நிக்கிறன்."

அம்மா அழுகையை நிறுத்தினா. வட்டுக்கோட்டை மாமி அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. ஒரு கலியாண வீட்டில் அம்மாவைப் பந்தியில் இருந்து எழுப்பி வேறு யாரையோ இருத்தினா என்று மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அம்மா வேறு ஏழெட்டு வீடுகளின் பெயரைச் சொன்னா. ஒவ்வொன்றுக்கும் அண்ணையிடம் ஒரு மறுமொழி இருந்தது: இடமில்லை, தூரம், அந்த வீட்டுக்காரர் குடிக்கிறவர். கடைசியில் அப்பா, "சொந்தம்தானே, போகட்டும்" என்றார்.

அன்று பின்னேரமே அண்ணை புறப்பட்டார். சைக்கிள் கரியரில் பெட்டியைக் கட்டினார். வெள்ளைச் சட்டை, தேய்த்தது. என்னை வாசல் படலையடிக்குக் கூப்பிட்டு ஒரு பார்சலைத் தந்தார். உள்ளே மொத்த மட்டை போட்ட கந்தோர்க் கொப்பி, இருநூறு பக்கம். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலமான பென்சில். எனக்கு அழுகை வந்தது. நான் அவரை வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறேன். அவர் எனக்குப் பரிசு தருகிறார்.

"நான் பேசாமல் இருந்திருக்கலாம் அண்ணை."

"ஏன்? நீ ஒரு நிமிசமும் பிழை விடேல்லையே" என்றார். ஏறி மிதித்தார். எங்கள் ஒழுங்கை பெரிய தெருவில் முடியும்வரை சீழ்க்கை அடித்துக்கொண்டு போனது கேட்டது. என்னைத் தேற்றுவதற்காக அடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா கொப்பியை எரிக்கவில்லை. சாதகத்தில் ஏறிவிட்ட கொப்பியை எரிக்கலாமா என்று அவவுக்கே சந்தேகம். என்னோடு பதினொரு நாள் கதைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், "உந்தப் போறது என்ன கோச்சி?" என்று அடுப்படிக்குள்ளிருந்து கேட்டா. சொன்னேன். அதற்குப் பிறகு அயல் வீடுகளில் கன்று போட்டாலும் என்னிடம் ஆள் அனுப்பி நேரம் கேட்கத் தொடங்கினார்கள். கேட்க வந்தவர்கள் படலையில் நின்று, "கோச்சிப் பெட்டை நிக்கிறாவோ?" என்றார்கள். 'நிக்கிறாவோ' என்ற மரியாதையை நான் கவனித்தேன். அப்பா காலையில் மணிக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முள்ளில் விரலை வைத்தபடி, என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் தள்ளுவார்.

அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். படலைக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று எல்லோரையும் சுகம் விசாரித்துவிட்டுப் போவார். அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றதில்லை. சற்றுப் பருத்திருந்தார். ஒரு ஞாயிறு சட்டையின் மூன்றாவது பொத்தான் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது, நீல நூலில். அம்மா அதை நெடுநேரம் பார்த்தா. பிறகு, மாமியிடம் கொடுக்கச் சொல்லி ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டா. அடுத்த ஞாயிறு அதே போத்தல் நிறையப் பனங்கட்டி வந்தது.

எனக்கு ஒரு கணக்கு மட்டும் பிடிபடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கந்தோர் இரண்டரை மைல். வட்டுக்கோட்டையிலிருந்து ஏழு மைல். போகவர ஒரு நாளைக்கு ஒன்பது மைல் கூடுதலாக அண்ணை சைக்கிள் மிதித்தார். பழைய சைக்கிள், எதிர்காற்று. அண்ணைக்குச் சந்தையடிக்குக்கூடச் சைக்கிள் மிதிக்கப் பிடிக்காது. புதிய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீலப் பென்சிலால் பெருக்கிப் பார்த்தேன். விடை சரியாகத்தான் வந்தது. அந்த விடையை எந்த நிரலில் எழுதுவது என்று தெரியவில்லை.

தொண்ணூறு நாள் முடிந்தது. சாந்தி செய்து, கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அக்கா பிள்ளையை அதன்மேல் குனிந்து பிடித்தா. அண்ணை எண்ணெயில் பார்த்தார். பிறகு நேரே பார்த்தார். பிள்ளை அவருடைய மூக்கைப் பிடித்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். இனிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்றா அம்மா.

"இன்னும் கொஞ்ச நாள் அங்கை நிக்கிறன் அம்மா. மாமி வீட்டிலை தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க ஆள் இல்லை."

நான் திகைத்துப்போனேன். எங்கள் கிணற்றில் அவர் ஒரு வாளி தண்ணீர் அள்ளி நான் கண்டதில்லை. அக்காவிடம் போய், அண்ணைக்கு எங்களில் கோபமா, என் கொப்பியால் வந்த கோபமா என்று கேட்டேன். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தா, நோவு எடுக்கும்வரை சிரித்தா. ஏன் என்று சொல்லவில்லை. தெற்கிலிருந்து ஊதல் கேட்டது. நான் வேலியடிக்குப் போனேன்.

அந்த வருடம் ஆவணி மாதத்தில் அண்ணைக்கும் வட்டுக்கோட்டை மாமியின் மகளுக்கும் கலியாணம் நடந்தது.